உப்புத்தாள் தொடாத விளக்குவளைவு

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நடந்தது எழுபத்தெட்டின் இலையுதிர்காலமா, அதற்கு அடுத்ததா என்று யாராவது அழுத்திக் கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியை ரோஸ்விதா சொல்லக் கேட்டேன், அதுவும் பல வருடங்களில் துண்டு துண்டாக. மீதியை அவளுடைய எதிர்வீட்டு எல்ஃப்ரீடா சொன்னாள். எல்ஃப்ரீடா சொன்னால் உண்மையோடு கொஞ்சம் மசாலாவும் சேர்ந்தேதான் வரும். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் ரோஸ்விதாவின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ரோஸ்விதா வீட்டுச் சமையலறையின் வாசனை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நினைவிருக்கிறது. அறுத்த மரம், சிக்கரிக் காப்பி, அடுப்பில் காயும் கம்பளிக் காலுறை.

ஜெர்மனி இரண்டாகக் கிடந்த காலம் அது. நாங்கள் கிழக்கில், செக் எல்லையை ஒட்டிய மலையில் இருந்தோம். ஆண்கள் சுரங்கத்துக்குப் போனார்கள், பெண்கள் பொம்மை ஆலைக்குப் போனார்கள், பனி இறங்கியதும் எல்லோரும் வீட்டில் மரம் அறுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு விளக்குவளைவு நின்றாக வேண்டும். அரைவட்டப் பலகை, அதற்குள் இழை இழையாக அறுத்தெடுத்த உருவங்கள், வளைவின் மேல் வரிசையாக விளக்குகள். சுரங்கத்தின் வாய் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, சுரங்கக்காரன் வருடமெல்லாம் காணாத வானம் அது என்று வேறு சிலர் சொல்வார்கள்.

ரோஸ்விதாவின் கணவன் எகோன் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு வளைவு செய்வான். சமையலறையின் மூலையில் அவனுடைய இழைரம்பம் நின்றது. மேஜை போன்ற இரும்புச் சட்டத்தின் நடுவே நூல் கனத்தில் ஓர் அலகு, மோட்டார் ஓடும்போது மேலும் கீழுமாகத் துடிக்கும். அவன் அறுத்துக்கொண்டிருப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது தைப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. திருமணமான புதிதில் அந்த மௌனம் அவளைப் பயமுறுத்தியதாம். பிறகு எப்போதோ, எந்த வருடம் என்று தெரியாமலே, அந்த மாலைகளுக்காகத்தான் கோடைகாலத்தைக் கழிக்கிறோம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ரம்பம் பேசும், இவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் வசந்தத்தில் எகோனின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. சுரங்கத்தில் இருபது வருடம் கல்லைத் துளைத்தவர்களுக்கு வருகிற நோய், எங்கள் ஊரில் அதற்குப் பெயர்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். "அவனுக்கும் வந்துடுச்சு" என்பார்கள், அவ்வளவுதான். பெரிய ஊர் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எகோனிடம் பேசாமல் ரோஸ்விதாவிடம் பேசினார்.

"இனிமே ஒரு பொட்டுத் தூசிகூட உள்ள போகக் கூடாதும்மா. வீட்டுல மரவேலை நடக்குதா?"

"எங்க ஊர்ல எந்த வீட்டுல நடக்கல, டாக்டர்?"

"அப்ப ரம்பத்தைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்க. அறுக்கிற தூள் கனமானது, கீழ விழுந்துடும். ஈரத்துணியால அமுக்கிடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்களே, அந்தப் பொடிதான் மாவு மாதிரி காத்துலயே நிக்கும். அது நடக்கிற அறைக்குள்ள இவரை விடாதீங்க."

சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருந்த சலவை அறைக்கு ரம்பம் போனது. தூக்க உதவியவன் ப்ரூனோ. சுரங்கத்தில் எகோனுக்கு மேற்பார்வையாளனாக இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு ஊர் மரவேலைச் சங்கத்தின் தலைவன். ரம்பம் இருந்த மூலையில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. எகோன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்தக் குளிர்காலத்துக்காக அவன் ஒரு படம் முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தான். வழக்கமான தேவதையோ மான்களோ இல்லை. அவனோடு ஒரே குழுவில் வேலை பார்த்த ஏழு பேர், விளக்கும் உளியுமாக வேலை முடிந்து மேலே வருகிறார்கள். நடுவில் சுரங்கக்காரர்களின் சின்னமான குறுக்குச் சுத்தியல்கள், ஒன்று தட்டை, ஒன்று கூர், எது எந்தப் பக்கம் என்பதற்கு முறை உண்டு. ஏழு பேரில் ஐந்து பேர் அப்போதே மண்ணுக்குள் போய்விட்டிருந்தார்கள். கோடுகள் தீக்குச்சியைவிட மெல்லியவை. அதற்கென்று கணு இல்லாத நல்ல பலகை ஒன்றைப் பரணில் பத்திரப்படுத்தியிருந்தான். அந்த மாதிரிப் பலகை இன்னொன்று அந்தக் காலத்தில் கிடைக்காது.

"படத்தை அடுப்புல போடு," என்றான்.

"நான் அறுக்கிறேன்."

"நீயா? நீ பொம்மைக்கு மூக்கு வரையிறவ."

"ஒரு நாளைக்கு நானூறு மூக்கு வரையிறேன். ஒண்ணுகூடக் கோணினதில்ல. நீ அறுத்த மான் எல்லாம் ஆடு மாதிரி இருந்துச்சு, நான் வாயத் திறந்தேனா?"

எகோன் படத்தைச் சுருட்டினான். ரோஸ்விதா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "உப்புத்தாளே வேண்டாத அளவுக்குச் சுத்தமா வெட்டு வரட்டும். அன்னைக்கு நீயும் உள்ள வந்து உக்காரு. டாக்டர் சொன்னதும் அதுதானே."

"அப்படி ஒரு வெட்டு இந்த ஊர்ல யாருக்கும் வந்ததில்ல."

"ப்ரூனோவுக்கும்?"

"ப்ரூனோ உப்புத்தாள் இல்லாம முகம்கூடக் கழுவ மாட்டான்."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது. வெட்டு சுத்தமாக வந்தால் இருவரும் ஒரே அறையில். வராவிட்டால் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் சுவர். இன்னும் எத்தனை குளிர்காலங்கள் மிச்சம் என்பதை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ஆலையிலிருந்து பொறுக்கி வந்த துண்டுப் பலகைகளில் பழகினாள். மேல்பக்கம் பார்க்க ஒழுங்காகவே வந்தது. திருப்பினால் அடிப்பக்கத்தில், வெட்டின ஓரமெல்லாம் சிலும்பு எழுந்து நின்றது, மழிக்காத தாடை மாதிரி. அலகு மேலும் கீழும் ஓடினாலும் அறுப்பது கீழே இறங்கும்போதுதான். இறங்குகிற போக்கில் அடிப்பக்கத்து நாரையும் பிய்த்துக்கொண்டு போகிறது. அந்தச் சிலும்பை எடுக்கத்தான் எல்லோரும் உப்புத்தாள் போடுகிறார்கள்.

எல்ஃப்ரீடா லேஸ் பின்னுகிறவள். கையில் பின்னல் இல்லாத நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்கு வந்துவிடுவாள். துண்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"அடிப்பக்கம் பாரு."

"அடிப்பக்கத்த யாருடி பாக்கப் போறா? நல்ல பக்கம் தெருவுக்கு, முரட்டுப் பக்கம் வீட்டுக்கு. எங்க வீட்டுல தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"வீட்டுக்குள்ள இருக்கிறவன் பாப்பானே."

"வீட்டுக்குள்ள இருக்கிறவனைப் பத்தி நாம என்னைக்குக் கவலைப்பட்டிருக்கோம்?"

ரோஸ்விதா துண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்ஃப்ரீடா சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. வளைவு எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கும். இத்தனை வருடமாக எகோன் செய்த வளைவுகளின் முதுகைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எகோன் சும்மா இருக்கவில்லை. அறுக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு மாலை, சுவரில் ஒரு தட்டு கேட்டது. ஒரே ஒரு தட்டு. சுரங்கத்தில் கீழிருந்து மேலே சைகை கொடுப்பது தட்டித்தான். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ஏற்று, மூன்று என்றால் இறக்கு. ரோஸ்விதா சுரங்கக்காரனின் மகள். யோசிப்பதற்கு முன்பே அவள் கை மோட்டாரை அணைத்துவிட்டது.

"அலகு மழுங்கிடுச்சு," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல். "அழுவுதே, உனக்குக் கேக்கலையா?"

காதை வைத்து அலகைப் பார்க்க முடியும் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. கூரான அலகு ஒரே சுரத்தில் சீறும். மழுங்கினால் குரல் தடிக்கும். தளர்ந்திருந்தால் நடுவில் ஒரு நடுக்கம் வரும். அதற்குப் பிறகு ஒற்றைத் தட்டு கேட்கும்போதெல்லாம் என்ன தப்பு என்று அவளே கண்டுபிடிக்கப் பார்த்தாள். சில நேரம் அவசரப்பட்டுத் தள்ளியிருப்பாள். சில நேரம் அலகைப் போதுமான அளவு முறுக்கியிருக்க மாட்டாள்.

ஒரு மாலை தட்டு வந்தது. அலகை மாற்றினாள். மறுபடி தட்டு. முறுக்கினாள். மறுபடி தட்டு. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"இப்ப என்னதான் தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குத் தட்டுன?"

எகோன் அடுப்பைப் பார்த்தான். "ரம்பம் நின்னா நீ வந்து பாப்ப, அதான்," என்றான்.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் காப்பி ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள். காப்பி ஆறுகிறவரை இருவரும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவள் திரும்பிப் போய் ரம்பத்தைத் தொடவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள் என்று எல்ஃப்ரீடா சொன்னாள். பலகையின் அடியில் இன்னொரு மெல்லிய பலகையை ஒட்டினால் என்ன, நார் பிய்வது அதில் பிய்யட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் ஷூ டப்பா அட்டையை ஒட்டினாள். அது கூழாகிப்போனது. பிறகு எகோனின் சுருட்டுப் பெட்டிகளைப் பிரித்து, அந்த மெல்லிய மரத்தகடுகளை மைதாப் பசையால் ஒட்டினாள். சுருட்டை மருத்துவர் நிறுத்தியிருந்தார், பெட்டிகள் நிறைய இருந்தன. பாதிச் சிலும்பு அதிலேயே போயிற்று. மெழுகுவர்த்தித் துண்டை அலகில் தடவிக்கொண்டாள், அறுத்த இடம் கருகவில்லை. கோடு எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. கையோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் முக்காலியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டு உட்கார்ந்தாள். அலகுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, அதற்கு ஏற்றபடி இவள் திரும்பிக்கொண்டதும் கோடு நேராக ஓடியது. அலகு மழுங்கிய பிறகு மாற்றுவதை விட்டுவிட்டு, மழுங்கப்போகிறது என்று காதுக்குத் தோன்றியதுமே மாற்றினாள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது கையை இறுக்காமல் இருப்பது. பலகையைத் தள்ளக் கூடாது, அலகு கேட்கும்போது கொடுக்க வேண்டும். மூக்கு வரையும்போது தூரிகை தானாகப் போகிறது என்ற உணர்வு வருமே, அதுதான் என்று அவள் புரிந்துகொள்ள அக்டோபர் முடியவேண்டியிருந்தது. அப்படியும் மிஞ்சிய ஓரிரு நார்களை எகோனின் பழைய சவர பிளேடால் நறுக்கினாள். பிளேடு பொடி கிளப்பாது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் அறுத்த துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். எல்ஃப்ரீடாவும் அங்கே இருந்தாள். ரோஸ்விதா தன் பழைய நைலான் காலுறை ஒன்றை எகோன் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"அடிப்பக்கத்து ஓரத்துல வச்சு இழு. எங்கயாவது சிக்குனா நான் மறுபடி அறுக்கப் போறேன்."

"என் வீட்டுக்காரன் கையில காலுறையக் கொடுத்தா அவனுக்கு வேற நினைப்புல்ல வரும்," என்றாள் எல்ஃப்ரீடா.

எகோன் காலுறையைத் துண்டின் விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தான். வளைவுகளில், மூலைகளில், உள்துளைகளின் ஓரத்தில். சிக்கியது என்றால் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். மூவரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். கேட்கவில்லை. அவன் துண்டைத் திருப்பி இன்னொரு தடவை இழுத்தான். பிறகு காலுறையை மடித்து மேஜைமேல் வைத்தான்.

"என் நாற்காலிய யாரு தூக்கிட்டு வரப் போறா?" என்று கேட்டான்.

அன்று மாலை எகோன் சலவை அறைக்குள் வந்தான். அவள் அவன் வாயில் ஈரக் கைக்குட்டையைக் கட்டினாள்.

"தபால் வண்டியக் கொள்ளையடிக்கிறவன் மாதிரி இருக்கேன்."

"நம்ம தபால் வண்டியில கொள்ளையடிக்க என்ன இருக்கு? பேசாம உக்காரு."

ரம்பத்தில் தூளை ஊதித் தள்ளுகிற ஒரு சின்னக் குழாய் உண்டு. தூள் பறக்கக் கூடாதென்று அதை அவள் பிடுங்கி வைத்திருந்தாள். அதனால் அறுக்க அறுக்கத் தூள் கோட்டை மூடியது. எகோன் ஒரு ஈரத் தூரிகையை எடுத்துக்கொண்டான். அலகுக்கு முன்னால் கோட்டின்மேல் அதை மெல்ல ஓட்டினான். ஈரத்தில் தூள் ஒட்டிக்கொண்டது, கோடு தெரிந்தது. அவள் அறுத்தாள், அவன் துடைத்தான். தூரிகையைக் கிண்ணத்தில் அலம்புவான், மறுபடி துடைப்பான். அப்படியே அந்த மாதம் போனது.

நல்ல பலகையைப் பரணிலிருந்து இறக்கினாள். படத்தை ஒட்டினாள். துளைகள் போட்டாள். முதலில் நடுவிலுள்ள சின்ன இடைவெளிகள், பிறகு வெளிப்பக்கமாக, விளிம்பு கடைசியில். வெட்டி விழுந்த துண்டுகளை எறியாமல் அந்தந்த ஓட்டையில் திரும்பப் பொருத்தி வைத்தாள், மெல்லிய இடங்களுக்கு அது தாங்கல். எகோன் எதையும் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு முறை, இடது ஓரத்து உருவத்தின் கையை அவள் நெருங்கும்போது, விரலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினான். அவள் நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அது ஆல்வின். மெதுவாப் போ."

ஆல்வின் குழுவில் இடதுகைக்காரன். எகோனைவிட இளையவன், முதலில் போனவன். எகோன் அவனைப் பற்றிப் பேசி ரோஸ்விதா கேட்டதே இல்லை. கேட்பதா வேண்டாமா என்று அவள் யோசித்தாள். கேட்கவில்லை. அலகை மாற்றிவிட்டு, அந்தக் கையை ஒரு மாலை முழுக்க அறுத்தாள்.

மெருகேற்ற எல்லோரும் தூரிகையால் எண்ணெய் பூசுவார்கள். தீக்குச்சிக் கனத்தில் நிற்கிற மனிதர்கள்மேல் தூரிகை பட்டால் ஒடிந்துவிடும். ஆலையில் பொம்மைகளுக்கு யாரும் ஒவ்வொன்றாகப் பூசுவதில்லை, சாயத்தில் முக்கி எடுத்துத் தொங்கவிடுவார்கள். ஆனால் ஜன்னல் அகலத்துக்கு இருக்கிற வளைவை எதில் முக்குவது? எல்ஃப்ரீடா வீட்டுத் துத்தநாகக் குளியல்தொட்டி வந்தது. அடியில் விரலளவு ஆளிவிதை எண்ணெய். அரைவட்டத்தை நிறுத்திப் பிடித்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு எண்ணெயில் உருட்டினார்கள் இரண்டு பெண்களும். மீதி உயரத்துக்கு எண்ணெயைக் கரண்டியால் மொண்டு ஊற்றினார்கள்.

"சனிக்கிழமை இந்தத் தொட்டியிலதான் என் புருஷன் குளிக்கணும்," என்றாள் எல்ஃப்ரீடா.

"குளிக்கட்டும். துரு பிடிக்க மாட்டான்."

எண்ணெய் நெடி எகோனுக்கு ஆகாது என்று எல்ஃப்ரீடாவின் பரணிலேயே வளைவைத் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். துடைத்த கந்தல்களை ரோஸ்விதா வாளித் தண்ணீரில் போட்டுவிட்டே வீட்டுக்குப் போனாள். அந்தக் கந்தல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பின்னல் சங்கத்துப் பரண் ஒரு வருடம் அப்படித்தான் எரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறுகளுக்கு முந்திய சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், கோயில் மணி அடித்ததும் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வளைவுகளை ஏற்றுவோம். ஏற்றிய கையோடு எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்து, முதலில் அவரவர் ஜன்னலைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். செய்தவனுக்கு அந்த ஒரு பார்வைதான் கூலி. எகோன் ஒரு வருடமும் அதைத் தவறவிட்டதில்லை. அந்த வருடம் குளிர் எலும்பைத் தொட்டது. அந்தக் காற்றை ஒரு வாய் இழுத்தால் அவனால் திரும்பிவர முடியாது. அது அவனுக்கும் தெரியும். அவன் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றான்.

மணி அடித்தது. ரோஸ்விதா விளக்கைப் போட்டுவிட்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். தெரு முழுக்க ஆட்கள், பனி, வாயிலிருந்து புகை. அண்ணாந்து பார்த்தாள். ஏழு பேர் நடந்து வந்தார்கள். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. ஒளி அவர்களுடைய விரல்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தது. எல்ஃப்ரீடா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்ஃப்ரீடாவுக்கே பழக்கமில்லாத விதத்தில், ஒன்றும் பேசாமல் நின்றாள். ப்ரூனோ தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் ரோஸ்விதா அந்த ஏழு பேருக்குப் பின்னால் எட்டாவதாக ஓர் உருவத்தைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எகோனின் தலை. அவன் அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போனாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல முயன்றாள். அவர்கள் வருகிற மாதிரி இருக்கு என்று தொடங்கி, பாதியில் விட்டாள். பிறகு விளக்கை அணைத்தாள். தெருவில் யாரோ 'ஐயோ' என்றது கேட்டது. அவள் வளைவை இரு கையாலும் தூக்கி, முன்பக்கத்தை அறைக்குள் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? தெருவுக்கு எல்லாம் மாறித் தெரியும். சுத்தியல் இடம் மாறிடும். ஒயர் வேற வெளிய தொங்கும். ப்ரூனோ வந்து கதவ உடைப்பான்."

"உடைக்கட்டும்."

அவள் விளக்கைப் போட்டாள். பிறகு, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், அவனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

எகோன் நெடுநேரம் பார்த்தான். அவன் வரைந்தபடியே, வரைந்த பக்கத்திலிருந்தே, அவர்கள் அவனை நோக்கி வந்தார்கள். ஆல்வின் விளக்கை இடது கையில் பிடித்திருந்தான்.

"இவ்வளவு நாள் நான் அறுத்தவங்க எல்லாரும் தெருவுக்குத்தான் போயிட்டிருந்தாங்க," என்றான் எகோன். அதற்குப் பிறகு பேசவில்லை. அவளும் பேசவில்லை. மூலையில் ரம்பம் இல்லை, சத்தம் இல்லை, ஆனாலும் அது பழைய மாலைகளில் ஒன்று போலவே இருந்தது என்று ரோஸ்விதா பிறகு என்னிடம் சொன்னாள். அதைவிட நல்ல மாலை ஒன்று தன் வாழ்க்கையில் இருந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ப்ரூனோ வரத்தான் செய்தான். கதவை உடைக்கவில்லை, காலில் இருந்த பனியை வாசலில் உதறிவிட்டு வந்து நின்றான்.

"எகோன், உன் சுத்தியல் மாறிக் கிடக்கு. ஊரே சிரிக்குது. சுரங்கக்காரன் வீட்டு ஜன்னல்ல இப்படி ஒரு தப்பு நடக்கலாமா? உன் பொண்டாட்டிக்குத் தெரியலன்னா உனக்காவது தெரிய வேணாமா?"

"தெரியும்."

"திருப்பி வை, போ."

"இது தெருவுக்கு அறுத்தது இல்ல, ப்ரூனோ. எனக்கு அறுத்தது."

"அப்ப ஊருக்கு?"

"ஊரு வேணும்னா உள்ள வந்து பாக்கட்டும். பூட்ஸக் கழட்டிட்டு வா, தூசி ஆகாது எனக்கு."

ப்ரூனோ சிறிது நேரம் வாசற்படியிலேயே நின்றான். பிறகு குனிந்து, முனகிக்கொண்டே, பூட்ஸைக் கழற்றினான். உள்ளே வந்தவன் உட்காரவில்லை. வளைவின் முன்னால் நின்று பார்த்தான். அந்த ஏழு பேரையும் மேற்பார்வையிட்டவன் அவன். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னான். ஆல்வினிடம் வந்ததும் நிறுத்தினான். பிறகு, ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, விரலை ஓரத்தில் வைத்துத் தடவினான்.

"எந்த உப்புத்தாள் போட்ட?" என்று ரோஸ்விதாவைக் கேட்டான்.

"எதுவும் போடல."

அவன் நம்பவில்லை. அவள் காலுறையை எடுத்துக் கொடுத்தாள்.

எகோன் அதற்கு அடுத்த குளிர்காலத்தையும் அதற்கு அடுத்ததையும் பார்த்தான். மூன்றாவது குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பு, ஒரு செப்டம்பர் காலையில் இறந்தான். அந்த இரண்டு குளிர்காலங்களிலும் அவர்கள் சலவை அறையில் ஒன்றாக உட்கார்ந்து இன்னும் இரண்டு வளைவுகள் செய்தார்கள். ப்ரூனோ ரோஸ்விதாவைச் சங்கத்தில் சேரச் சொல்லி இரண்டு முறை கேட்டான். அவள் சேரவில்லை. அவன் எண்பத்தேழில் காலமானான். சுரங்கம் மூடப்பட்டது, சில வருடங்களில் பொம்மை ஆலையும் கைமாறியது. எல்ஃப்ரீடா கணவன் போன பிறகு மகளோடு லைப்சிக் போய்விட்டாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், காது மட்டும் கேட்பதில்லை. ரோஸ்விதா எழுபத்தொன்பது வயதுவரை அந்த வீட்டிலேயே தனியாக இருந்து, வருடத்துக்கு ஒரு வளைவு அறுத்தாள். கடைசி இரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் இருந்தாள். அவளை எகோனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். வீட்டை ட்ரெஸ்டனிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி வாங்கியிருக்கிறார்கள்.